கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ‘மன்னார் வளைகுடாவின் பல்லுயிர் வளம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். “சுருக்கிக்கிட்டு வாம்மா” என்று கைடு திருப்பிவிட்டார். எவ்வளவுதான் சுருக்குவது?
– மாணவி, கீழக்கரை

ஒரே உயிரினம், ஒரே இறங்குதளம், ஒரே கேள்வி. அந்த அளவுக்குச் சுருக்க வேண்டும். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். அதற்குள் இருக்கும் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும், அதற்காகக் காத்திருந்தே செமஸ்டர் ஓடிவிடும். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொல்லிக்கூட லேபுக்கு எடுத்து வராதீர்கள்.

உங்கள் ஊரிலேயே நாட்டுப்படகில் ஓலைக்கால் நண்டு வருகிறதே! ‘கீழக்கரையில் பிடிபடும் ஓலைக்கால் நண்டின் ஓட்டு அகலத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் தராசு, ஒரு நோட்டு போதும். ஆணில் 100, பெண்ணில் 100 அளந்தால் இளநிலைப் படிப்புக்குத் தாராளம். ஆண் நண்டின் வயிற்று மடல் ஒடுங்கியிருக்கும், பெண்ணுக்கு அகன்று வட்டமாக இருக்கும். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் கணக்கு கெட்டுவிடும். சினை நண்டைத் தனியே குறியுங்கள், முட்டையின் எடை சேர்ந்து ஏமாற்றும். கால் ஒடிந்ததை எடைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அகலத்தை இரு பக்க நீள முள்ளின் நுனியில் அளப்பதா, அடியில் அளப்பதா என்று முதல் நாளே முடிவு செய்து, கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது நண்டு கம்பெனியில் போய் அளக்கும்போதுதான். அங்கே வந்து சேர்வது ஏற்கெனவே பொறுக்கிப் பிரித்த நண்டு, சிறிசு கழிந்துவிட்டிருக்கும். வலையிலிருந்து கழற்றும் இடத்திலேயே நின்று, பிரிக்கும் முன் அளங்கள். பிறகு அகலம், எடை இரண்டு அளவையும் மடக்கைக்கு (log) மாற்றிக் கோடு பொருத்தினால் சாய்வு 3-ஐ ஒட்டி வரும். மிகவும் விலகினால், புள்ளிவிவரத்தைக் குறை சொல்லும் முன் தராசைச் சரிபாருங்கள்.

காலண்டரையும் இப்போதே பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும். வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடக்கும். மே மாதத்துக் கச்சானுக்கு (தென்மேற்குக் காற்று) எல்லாம் தலைகீழ். கீழக்கரை தென்கடல் கரை என்பதால் இரட்டைப்படை செமஸ்டர் உங்களுக்குத் தோதானது. வடகடல் கரையான தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. நாட்டுப்படகு போகத்தான் செய்யும். ஆனால் விசைப்படகு நண்டையும் சேர்த்து அளந்து வந்தவருக்குத் தடைக்காலத்தில் வேறு வலை நண்டு மட்டுமே கிடைக்கும், இரண்டையும் ஒப்பிட முடியாது. ஆகவே அளப்பதை பிப்ரவரியோடு முடித்துவிட்டு, மார்ச்சை எழுதுவதற்கு விடுங்கள். கைடு படித்துத் திருத்தித் தர இரண்டு வாரமாவது கொடுக்க வேண்டும்.

தங்கச்சிமடத்துக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றி வேதியியல் ப்ராஜெக்ட் செய்கிறோம், நான்கு பேர் குழு. குளோரைடு டைட்ரேஷனில் (நிறம் மாறும் வரை சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) ப்யூரெட் காலியாகியும் நிறம் மாறவே இல்லை. ரசாயனம் கெட்டுவிட்டதா?
– மாணவர்கள், பாம்பன்

ரசாயனம் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு, தண்ணீரைத்தான் அதிகமாக எடுத்துவிட்டீர்கள். 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட் ஒரு மில்லி, அரை மில்லிகிராம் குளோரைடைப் பிடிக்கும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைடு உள்ள நீரை, பாடப்புத்தகம் சொல்கிறபடி 100 மில்லி எடுத்தால் 200 மில்லி ஊற்ற வேண்டியிருக்கும். ப்யூரெட்டோ 50 மில்லி! 10 மில்லி எடுத்து, வாலை வடிநீரால் 100-க்கு நிரப்புங்கள். 20 மில்லியில் முடிந்துவிடும். முதலில் டிடிஎஸ் மீட்டரை (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் எவ்வளவு எடுக்கலாம் என்று தோராயமாகப் பிடிபடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. அதில் ஒரு மில்லி எடுத்துச் செய்து பாருங்கள், 38 மில்லி அருகே முடிந்தால் உங்கள் கை சரி.

சில்வர் நைட்ரேட் லிட்டருக்கு 2.395 கிராம். 20 கிணறு, இரண்டு சுற்று, மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் 20 மில்லி என்றால் 2,400 மில்லி. சரிபார்ப்பு, வீணானது எல்லாம் சேர்த்து மூன்று லிட்டர், அதற்கு ஏழு கிராமுக்குச் சற்று மேல். விலை கூடிய பொருள் என்பதால் இந்தக் கணக்கைத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே கொடுங்கள். பழுப்புப் புட்டியில் வையுங்கள். சுத்தமான சோடியம் குளோரைடு லிட்டருக்கு 824 மில்லிகிராம் கரைத்து அதோடு சரிபாருங்கள். வெள்ளியும், நிறம் காட்டச் சேர்த்த குரோமேட்டும் கலந்த கழிவைத் தொட்டியில் கொட்டாமல் ஒரு ஜாடியில் சேருங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் உண்மையான வில்லங்கம். நல்லநீர் மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் கிடக்கும். ஒரே கிணற்றில் வாளியால் மேலாக மொண்டதும், ஒரு மணி நேரம் மோட்டார் ஓடிய பின் பிடித்ததும் வெவ்வேறு எண்ணைத் தரும். எல்லாக் கிணற்றிலும் ஒரே முறையில் எடுத்து, எப்படி எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். பாட்டிலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட விரும்பினால் முதல் சுற்று செப்டம்பரில். ப்ராஜெக்ட் செமஸ்டர் டிசம்பரில்தானே தொடங்கும் என்று இருந்தவர்களுக்கு மழைக்கு முந்தைய நீர் கிடைக்காது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம். வேறு நீர் இல்லாவிட்டால் 1,000 வரை. ‘குடிக்கத் தகாதது’ என்று ஒரே வரியில் எழுதாமல் இரண்டு எல்லையையும் காட்டுங்கள்.

கடல்பாசி எடுக்கும் பெண்களின் வருமானம் குறித்துப் பொருளியல் ஆய்வு. “மாத வருமானம்” கட்டத்தில் எல்லோரும் ஒரே தொகையைச் சொல்கிறார்கள்.
– மாணவர், மண்டபம்

மாதச் சம்பளம் வாங்காதவரிடம் மாத வருமானம் கேட்டால் வாய்க்கு வந்ததைத்தான் சொல்வார். “கடைசியாக எப்போது கடலுக்குப் போனீங்க? எத்தனை கிலோ எடுத்தீங்க? யாருக்குப் போட்டீங்க, என்ன விலை?” என்று கேளுங்கள். எடை ஈரப்பாசியா, காய்ந்த பாசியா என்று தனிக் கட்டம் வேண்டும். காய்ந்தால் எடை பல மடங்கு குறையும், அது தெரியாமல் போட்ட சராசரி குப்பை. 100 படிவம் அச்சடிக்கும் முன் ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள், எந்தக் கேள்வி முட்டுகிறது என்று தெரியும். கடலுக்குப் போகாத நாளில் போங்கள். வியாபாரி பக்கத்தில் நிற்கும்போது விலையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஹானர்ஸ் ஆய்வு என்பதும் எங்கள் மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட்டும் ஒன்றா?
– மாணவி, ராமநாதபுரம்

இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வடிவில் அது நான்காம் ஆண்டில் வருவது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். மொத்தம் 160 கிரெடிட்டில் 12 அந்த ஆய்வுக்கு. உங்கள் கல்லூரியில் நான்காம் ஆண்டு இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் ரெடிமேட் ப்ராஜெக்ட் பைண்டிங்கோடு கிடைக்கிறதாம். மகன் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, தொண்டி

கொடுக்காதீர்கள் ஐயா. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே “ஃபீல்டு நோட்டைக் காட்டு” என்பதாக இருக்கலாம். தேதி, நேரம், இடம், அடித்தல் திருத்தலோடு பென்சிலால் எழுதிய நோட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மகனிடம் இன்னும் இரண்டு மாதம் இருந்தால், மேலே சொன்ன நண்டு வேலை தொண்டியிலும் நடக்கும். வாடை தணிந்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள். தராசும் காலிப்பரும் கல்லூரி லேபிலேயே இருக்கும், கடிதம் கொடுத்தால் தருவார்கள்.