லினக்ஸில் அப்டேட் ஓடும்போது பேக்கேஜ் மேனேஜர் கிராஷ் ஆகிறது. லாக் (பூட்டு) ஃபைலை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாமா?

நீங்கள் விவரித்தது இது: உபுண்டு டெஸ்க்டாப்பில் அப்டேட் பாதி ஓடியபோது விண்டோ தானாக மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தால் லாக் கிடைக்கவில்லை என்கிறது. டெர்மினலிலும் அதே பதில். லாக் ஃபைலை அழித்துவிட்டு மெஷினை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா, அதை அப்படியே ஓட விடுங்கள். இந்த நிலையில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் அதுதான்.

முதலில் விழுந்தது எது என்று பார்க்க வேண்டும். நீங்கள் பார்க்கும் விண்டோ மேல் அடுக்கு மட்டுமே. க்னோம் சாஃப்ட்வேர், கேடிஇ டிஸ்கவர் போன்றவை பேக்கேஜ்கிட் என்ற பின்னணி சேவையிடம் வேலையைக் கொடுக்கின்றன. அதற்குக் கீழே ஏபிடி. அது எந்த பேக்கேஜ் வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்று கணக்கிட்டு இறக்குகிறது. அதற்கும் கீழே டிபிகேஜி. ஃபைல்களை வட்டில் வைப்பதும், ஒவ்வொரு பேக்கேஜின் ஸ்கிரிப்டை ஓட்டுவதும் அதன் வேலை. மேலே விண்டோ விழுந்தாலும் கீழே டிபிகேஜி அமைதியாக வேலையை முடித்துக்கொண்டிருக்கலாம். லாக் கிடைக்கவில்லை என்ற செய்தியே பெரும்பாலும் அதற்கான சாட்சி. டெர்மினலில்

பிஎஸ் ஆக்ஸ் | கிரெப் -ஈ ஏபிடி -ஈ டிபிகேஜி

என்று கொடுத்துப் பாருங்கள் (கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்). தேடும் கிரெப் வரியைத் தவிர வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். பல நேரங்களில் லாக்கைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் பழைய அப்டேட்டாகக்கூட இருக்காது. அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ் என்ற தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கொல்ல வேண்டாம், தானாக முடியும்.

லாக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் தவறான அறிவுரை இதில்தான் இருக்கிறது. டெபியன், உபுண்டு, மின்ட் குடும்பத்தில் /வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃபிரன்ட்எண்ட் என்ற ஃபைல் எப்போதுமே அங்கே இருக்கும். அப்டேட் ஓடாதபோதும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அது இருப்பதால் லாக் போட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. உண்மையான பூட்டு சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் இருக்கிறது: ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) அந்த ஃபைலைத் திறந்து, 'இது என் பிடியில்' என்று கெர்னலில் பதிவு செய்கிறது. அந்த ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் கெர்னல் உடனே பூட்டை விடுவித்துவிடும். ஆகவே லாக் இன்னும் இருக்கிறது என்றால், அதைப் பிடித்திருக்கும் ப்ராசஸ் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஃபைலை அழித்தால் என்ன ஆகும்? அடுத்து வரும் ஏபிடி அதே பெயரில் புதிய ஃபைலை உருவாக்கி, அதில் பூட்டுப் போட்டுக்கொள்ளும். பழையவர் பழைய ஃபைலைப் பிடித்திருப்பார், புதியவர் புதியதைப் பிடித்திருப்பார், இருவரும் ஒரே தரவுத்தளத்தில் எழுதுவார்கள். சரிசெய்யக்கூடிய ஒரு கோளாறு அங்கேதான் பெரிய சேதமாக மாறுகிறது.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிய, சூடோ ஃபியூசர் -வி என்று கொடுத்து அந்த ஃபைலின் பாதையைச் சேருங்கள். புதிய ஏபிடி பதிப்புகள் ப்ராசஸ் எண்ணைப் பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடும்.

ஆர்ச் லினக்ஸில் கதை வேறு. அதன் பேக்கேஜ் மேனேஜரான பேக்மேனின் /வார்/லிப்/பேக்மேன்/டிபி.எல்சிகே உண்மையிலேயே 'ஃபைல் இருந்தால் பூட்டு' என்ற முறையில் இயங்குவது. பேக்மேன் செத்தாலும் அது அங்கேயே கிடக்கும். பேக்மேன் எங்கும் ஓடவில்லை என்று உறுதி செய்தபின் அதை அழிப்பதுதான் சரியான வழி. ஆர்ச்சுக்குச் சரியான அறிவுரையை உபுண்டுவில் செய்வது ஆபத்து.

ரீஸ்டார்ட் ஏன் வேண்டாம்? அந்த அப்டேட்டில் புதிய கெர்னல் இருந்திருக்கலாம். கெர்னல் ஃபைல் வட்டில் வந்திருக்கும், அது துவங்கும்போது வட்டை அணுக உதவும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் இன்னும் உருவாகியிருக்காது. அந்த நிலையில் ரீஸ்டார்ட் செய்தால் ரூட் பகிர்வை (சிஸ்டம் இருக்கும் வட்டுப் பகுதியை) மவுண்ட் செய்ய முடியாமல் கெர்னல் பேனிக்கில் நிற்கும். ஏற்கெனவே அப்படி நிற்கிறதென்றால் பயப்படாதீர்கள், மெஷின் துவங்கும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

சரி, எந்த ப்ராசஸும் ஓடவில்லை, லாக்கும் விடுபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி மீட்பு. டெஸ்க்டாப்புக்குள் இருக்கும் டெர்மினலில் இதைச் செய்யாமல், கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போய்ச் செய்யுங்கள். டெஸ்க்டாப்பே சரிந்தால் அதற்குள் இருக்கும் டெர்மினலும், அதில் ஓடும் ஏபிடியும் சேர்ந்து சரியும். இது கற்பனையான பயமில்லை. 2016 அக்டோபரில் ஃபெடோரா 24 பயனர்களுக்கு ஒரு பொது எச்சரிக்கை வந்தது: வரைகலை டெஸ்க்டாப்புக்குள் இருந்துகொண்டு டிஎன்எஃப் (ஃபெடோராவின் பேக்கேஜ் மேனேஜர்) அப்டேட் ஓட்டாதீர்கள் என்று. சிஸ்டம்டி-யுடெவ் பேக்கேஜ் அப்டேட் ஆகும்போது, இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள மெஷின்களில் டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் எக்ஸ் சர்வர் விழுந்தது. அதோடு டெர்மினல் போனது, அதோடு டிஎன்எஃப்பும் நடுவழியில் போனது. கன்சோல் வேண்டாம் என்றால் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், டெர்மினல் மூடினாலும் வேலை தொடரும்.

அங்கே முதல் கட்டளை,

சூடோ டிபிகேஜி --ஆடிட்

இது எதையும் மாற்றாது, எது பாதியில் நிற்கிறது என்று மட்டும் சொல்லும். ஃபைல்கள் விரிக்கப்பட்டு அமைவு மட்டும் பாக்கி, பாதி அமைவு, பாதி நிறுவல், ட்ரிகருக்கு (வேறொரு பேக்கேஜ் தூண்டும் வேலைக்கு) காத்திருப்பு என்று வகைப்படுத்திக் காட்டும். நீளமான பட்டியல் வந்தாலும் கலங்க வேண்டாம். டிபிகேஜி ஒவ்வொரு கட்டத்தையும் குறித்துவைத்துக்கொண்டே நகர்கிறது. புதிய ஃபைலைத் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்தபிறகுதான் பழையதன் இடத்தில் மாற்றி வைக்கிறது. பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கென்றே அதை அப்படி எழுதியிருக்கிறார்கள். அடுத்து,

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்

இந்த வரிசை முக்கியம். முதலாவது, விரித்து வைத்தவற்றை அமைத்து முடிக்கும். இரண்டாவது, சார்புகளில் (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்ற பேக்கேஜ்களில்) ஓட்டை இருந்தால் அடைக்கும். இரண்டாவது கட்டளை, நீக்கப்போகும் பேக்கேஜ்களின் பட்டியலைக் காட்டினால் நிதானமாகப் படியுங்கள். அதில் டெஸ்க்டாப்பே போகிறது என்றால் 'வேண்டாம்' என்று சொல்லி நிறுத்திவிட்டு, நீங்கள் சேர்த்த எந்த வெளி ரெப்பாசிட்டரி (பேக்கேஜ் களஞ்சியம்) முரண்படுகிறது என்று தேடுங்கள். ஆம் என்று அவசரப்பட்டு எண்டர் அழுத்தி டெஸ்க்டாப்பை இழந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வேலை.

பெரும்பாலானோருக்கு இங்கேயே சரியாகிவிடும். ஆனால் காரணம் தெரியாமல் விட்டால் அடுத்த அப்டேட்டிலும் இதே நடக்கும். /வார்/லாக்/ஏபிடி/டெர்ம்.லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள் (இந்த லாக் பூட்டு அல்ல, பதிவேடு). மூடிப்போன விண்டோவுக்குப் பின்னால் டிபிகேஜி அச்சிட்ட வரிகள் அதில் பதிவாகியிருக்கும். கூடவே சிஸ்டத்தின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் -பி (சிறிய எழுத்து b). ரீஸ்டார்ட் ஆகிவிட்டிருந்தால் ஜர்னல்சிடிஎல் -பி -1. நான் தேடும் தடயங்கள் இவை.

இடமின்மை முதல் சந்தேகம். டிஎஃப் -எச் போட்டு ரூட் பகிர்வை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். வட்டை என்கிரிப்ட் செய்து நிறுவியிருந்தால் /பூட் தனியாக, சிறியதாக இருக்கும். பழைய கெர்னல்கள் அதை நிரப்பிவிடும். ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ் அதைக் காலி செய்யும். இடம் இருந்தும் இடமில்லை என்று சொன்னால் டிஎஃப் -ஐ போட்டு ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் குறிப்பிடம்) தீர்ந்திருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது, மறைந்திருக்கும் கேள்வி. நீங்கள் மாற்றிய ஒரு கான்ஃபிக் ஃபைலுக்குப் புதிய பதிப்பு வந்தால், எதை வைத்துக்கொள்வது என்று டிபிகேஜி கேட்கும். வரைகலை விண்டோவில் அந்தக் கேள்வி விவரங்கள் பகுதிக்குள் ஒளிந்திருக்கும். உறைந்துவிட்டது என்று நினைத்து நாம் மூடிவிடுவோம். கன்சோலில் ஓட்டினால் கேள்வி கண்முன் நிற்கும். பதில் தராமல் எண்டர் மட்டும் அழுத்தினால் உங்கள் பழைய ஃபைல் அப்படியே இருக்கும்.

மூன்றாவது பைத்தான். அப்டேட்டர் விண்டோ மட்டும் திறந்தவுடன் மூடிக்கொண்டு, டெர்மினலில் ஏபிடி ஒழுங்காக ஓடினால் என் முதல் ஊகம் இதுவே. உபுண்டுவின் அப்டேட் மேனேஜர் பைத்தானில் எழுதப்பட்டது. ஏபிடியுடன் பேசும் அதன் மாட்யூல், அந்த வெளியீட்டின் இயல்பான பைத்தான் பதிப்புக்காகவே தொகுக்கப்பட்டது. வேறு வேலைக்காகப் புதிய பைத்தானை நிறுவி, /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 அதைச் சுட்டும்படி மாற்றியிருந்தால் அந்த மாட்யூல் கிடைக்காமல் விண்டோ விழும். அப்டேட்-மேனேஜரை டெர்மினலிலிருந்து துவக்கினால் ஏபிடி_பிகேஜி மாட்யூல் இல்லை என்ற வரி வரும். தீர்வு, சுட்டியைப் பழைய இடத்துக்கே திருப்புவது. உங்கள் ப்ராஜெக்டுக்கு வேறு பதிப்பு வேண்டுமென்றால் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனியான பைத்தான் சூழல்) வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டத்தின் பைத்தானைத் தொடாதீர்கள்.

ஏபிடியே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழுந்தால் கதை கீழ் அடுக்குக்கு வருகிறது. /வார்/கேஷ்/ஏபிடி கோப்புறையில் பிகேஜிகேஷ்.பின், எஸ்ஆர்சிபிகேஜிகேஷ்.பின் என்ற இரண்டு ஃபைல்கள் இருக்கும். பேக்கேஜ் பட்டியல்களிலிருந்து ஏபிடி தானே கட்டிக்கொள்ளும் கேஷ் அவை. கெட்டுப்போயிருந்தால் ஏபிடி விழும். அவற்றைத் தயங்காமல் அழிக்கலாம், அடுத்த முறை தானாக உருவாகும். அப்படியும் விழுந்தால், அதிலும் ஒவ்வொரு முறை வெவ்வேறு இடத்தில் விழுந்தால், மென்பொருளை விட்டுவிட்டு வன்பொருளைச் சந்தேகியுங்கள். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை இறக்கி, ஹாஷ் சரிபார்த்து, சுருக்கத்தை விரித்து எழுதும் அப்டேட், சாதாரணப் பயன்பாட்டில் வெளியே தெரியாத ராம் கோளாறை வெளியே கொண்டுவந்துவிடும். ஹாஷ் பொருந்தவில்லை, விரிக்க முடியவில்லை என்ற பிழைகள் ஒரு முறை ஒரு பேக்கேஜில், மறு முறை வேறொன்றில் வந்தால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் ஐ/ஓ எரர் தெரிந்தால் வட்டுதான் பிரச்சினை. அப்போது அப்டேட்டை மறந்துவிட்டு முதலில் உங்கள் தரவைப் பிரதி எடுங்கள். 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருந்தால், ராம் போதாமல் கெர்னலே அந்த ப்ராசஸைக் கொன்றிருக்கிறது. ப்ரௌசரை மூடிவிட்டு, கொஞ்சம் ஸ்வாப் (ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் இடம்) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

அபூர்வமாக, மின்சாரம் போன நேரத்தில் எந்த பேக்கேஜ் என்ன நிலையில் இருக்கிறது என்று டிபிகேஜி குறித்துவைக்கும் /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் ஃபைலே கெட்டுவிடும். இன்ன வரியில் பார்ஸ் பிழை என்று எல்லாக் கட்டளையும் மறுக்கும். அங்கேயே ஸ்டேட்டஸ்-ஓல்டு இருக்கும். /வார்/பேக்கப்ஸ் கோப்புறையில் டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 தொடங்கிப் பழைய பிரதிகளும் இருக்கும். கெட்டதை வேறு பெயரில் எடுத்து வைத்துவிட்டு நல்ல பிரதியை அந்த இடத்தில் வையுங்கள். பிறகு /வார்/லாக்/ஏபிடி/ஹிஸ்டரி.லாக் பார்த்து, அந்தப் பிரதிக்குப் பின் வந்த பேக்கேஜ்களை மறுபடி நிறுவுங்கள்.

ஃபெடோராவில் பாதியில் நின்ற அப்டேட் ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்புகளை விட்டுச்செல்லும். டிஎன்எஃப் செக் அதைக் காட்டும், பழைய டிஎன்எஃப் 4 பதிப்பில் டிஎன்எஃப் ரிமூவ் --டூப்ளிகேட்ஸ் தீர்க்கும். ஆர்பிஎம் --ரீபில்ட்டிபி என்பதைத் தரவுத்தளம் உண்மையில் கெட்டிருந்தால் மட்டும், முதலில் அதைப் பிரதி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஆர்ச்சில் லாக்கை நீக்கியபின் பேக்மேன் -எஸ்ஒய்யூ (-Syu) முழுமையாக ஓட்டி, கெர்னல் நடுவில் நின்றிருந்தால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் எம்கேஇனிட்சிபிஐஓ -பி (பெரிய எழுத்து P) ஓட்டிவிட்டுத்தான் ரீஸ்டார்ட். ஓபன்சூசேயில் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருந்தால் ஸ்னாப்பர் என்ற கருவி அப்டேட்டுக்கு முந்தைய நிலையைச் சேமித்து வைத்திருக்கும், அதற்கே திரும்பிவிடலாம்.

இவ்வளவும் செய்தபின் டிபிகேஜி --ஆடிட் எதுவும் சொல்லாமல் திரும்ப வேண்டும், ஏபிடி அப்டேட், ஏபிடி ஃபுல்-அப்கிரேட் இரண்டும் பிழையின்றி முடிய வேண்டும். அதன்பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படி முடியவில்லை என்றால் டெர்ம்.லாக்கின் கடைசி ஐம்பது வரிகள், டிஎஃப் -எச் காட்டுவது, ஆடிட் காட்டுவது, இந்த மூன்றையும் கீழே கருத்தில் ஒட்டுங்கள். படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.