எழுதினால் அழுகைதான் வருகிறது, விட்டுவிடலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் வலங்கைமான் பக்கம், தினமும் பஸ்தான். போன செமஸ்டரில் இரண்டு அரியர். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்போதிலிருந்து ராத்திரி தூக்கம் இல்லை, படபடப்பு. மனதில் இருப்பதை நோட்டில் எழுது என்றாள் தோழி. மூன்று நாளாக எழுதுகிறேன், முடித்ததும் அழுகைதான் வருகிறது. தங்கை எடுத்துப் படித்துவிடுவாளோ என்ற பயம் வேறு. விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். எழுதும் விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

எழுதியதும் மனம் கனப்பது சகஜம். 1986-இல் வெளியான ஆய்வில், ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவங்களை எழுத வைத்தார். எழுதிய கையோடு அவர்களுக்கும் சோர்வு கூடத்தான் செய்தது. ஆனால் நடந்ததையும் அதன் வலியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறியதுதான். நோட்டு வாங்கியதால் அரியர் கிளியர் ஆகிவிடாது!

என்னிடம் வந்த மாணவி ஒருவர் தன் நோட்டைக் காட்டினார். மூன்று பக்கமும் 'அப்பாவுக்குத் தெரிந்தால் செத்தேன்' என்பதே திரும்பத் திரும்ப, செக்குமாடு சுற்றுவது போல. அப்படி எழுதினால் கவலை வளரத்தான் செய்யும். 'தெரிந்தால் என்ன செய்வார் என்று எழுதுங்களேன்' என்றேன். அடுத்த முறை இப்படி இருந்தது: 'திட்டுவார். இரண்டு நாள் பேச மாட்டார். குறுவை மழையில் போனபோதும் யாரிடமும் பேசாமல்தான் இருந்தார். அப்புறம் சம்பாவுக்கு விதைநெல் வாங்கப் போய்விட்டார்.' பயம் போய்விடவில்லை, அதற்கு ஓர் அளவு கிடைத்துவிட்டது. நீங்களும் 'ஏன்', 'அப்புறம் என்ன' என்று கேட்டுக்கொண்டே எழுதுங்கள். 15 நிமிடம் ஆனதும் மூடிவிடுங்கள். பத்து நாள் கழித்தும் கனம் குறையவில்லை என்றால் இந்த வழி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம்.

இதைப் படுக்கப் போகும்போது செய்யாதீர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் செய்யுங்கள். படுக்கும்முன் நாளைய வேலைகளை மட்டும் 5 நிமிடம் எழுதினால் போதும்: ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, அரியர் ஃபீஸ் கட்டக் கடைசி நாள், இப்படி. 2018-இல் வந்த ஓர் ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட இப்படி எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள்.

தங்கை விஷயம் சுலபம். எழுதியதைக் கிழித்துப் போடுங்கள், வைத்திருந்துதான் பலன் என்றில்லை. பதினெட்டாம் பெருக்குக்கு மாலை விடுவதுபோல ஆற்றில் மட்டும் விடாதீர்கள், காவிரிக்கு இருக்கிற குப்பை போதும்.

படபடப்பை மட்டும் மனசு என்று ஒதுக்காதீர்கள். ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரி காட்டும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டுக்கான சோதனை) இரண்டும் பார்த்துவிடுங்கள். நாலு மணிக்கு மேல் டிகிரி காபி வேண்டாம். கும்பகோணத்தில் படிப்பவரிடம் இதைச் சொல்வது பாவம்தான்.

தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரம் தாண்டினாலோ, உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலோ நோட்டை நம்பி இருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.