சங்கிலி கிடைத்துவிட்டால் கொலையும் நிரூபணமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ஐயா, என் தம்பி வெள்ளையடிக்கும் வேலை செய்பவன். 2022-இல் தென்மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் தனியாக வசித்த மூதாட்டி ஒருவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். அவருடைய 5 பவுன் சங்கிலியைக் காணவில்லை. முந்தைய வாரம் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தவன் என்பதால் தம்பியைப் பிடித்தார்கள். கைதுக்கு முதல் நாளே போலீசார் எங்கள் வீட்டைச் சோதனையிட்டு, தம்பி பெயரில் இருந்த அடகு ரசீதை எடுத்துச் சென்றனர். ஆனால் அவன் வாக்குமூலம் கொடுத்து, அவனே அடகுக் கடையை அடையாளம் காட்டியதாக வழக்கு. கொலை நடந்த அன்று மாலை அந்தத் தெருவில் அவனைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் சாட்சி சொன்னார். இப்போது அமர்வு நீதிமன்றம் கொலைக்கு ஆயுளும் திருட்டுக்கு 3 ஆண்டும் விதித்திருக்கிறது. தீர்ப்பு வந்து 48 நாள் ஆகிறது. அப்பீல் போட்டால் தூக்கு ஆகிவிடும் என்றும், அபராதம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றும் ஊரில் சொல்கிறார்கள். கையில் பணமும் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் நாள் கணக்கு. மரண தண்டனை தவிர்த்த பிற தண்டனைகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். தீர்ப்பு நகல் பெற விண்ணப்பித்துக் காத்திருந்த நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. 60 தாண்டினாலும் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி மன்னிக்கும்படி கேட்கலாம். அதற்காக மிச்சமிருக்கும் 12 நாளை வீணாக்க வேண்டாம். தென்மாவட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள்; எனவே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும்.

பணம் ஒரு தடையே அல்ல. சிறையில் இருக்கும் எவரும் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் பெறலாம். வருமானச் சான்று தேவையில்லை. மதுரைக் கிளையிலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. தம்பி மேல்முறையீட்டு மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தாலும் போதும், அவர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். நீங்களே வழக்கறிஞர் வைத்துக்கொண்டால், வக்காலத்தில் தம்பியின் கையெழுத்தைச் சிறையில் வாங்கி, அதிகாரியின் சான்றொப்பமும் பெற வேண்டும். இதற்கே இரண்டு மூன்று நாள் போய்விடும்.

தூக்கு பயம் வேண்டாம். தண்டிக்கப்பட்டவர் போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கூட்ட வேண்டுமென்று கருதினால் அரசுத் தரப்பு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். அபராதம் கட்டுவதும் குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. விடுதலையானால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். ஊர்த் திண்ணைச் சட்டம் எத்தனை பேரை அப்பீல் போடவிடாமல் தடுத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி வழக்குக்கு வருவோம். உங்கள் மூன்று பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு வரி மட்டும் இல்லை: அந்தச் சங்கிலி தம்பி கைக்கு எப்படி வந்தது?

நேரில் பார்த்த சாட்சி இல்லை. முழுக்கச் சூழ்நிலைச் சாட்சியத்தில் நிற்கும் வழக்கு. 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல், சூழ்நிலைகள் அறுபடாத சங்கிலியாக இணைந்து, குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறு எவரும் செய்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும் என்பது. வெள்ளையடித்ததும் தெருவில் நடந்ததும் குற்றமல்ல. ஆக, வழக்கின் முழுப் பாரமும் நகையின் மேல்தான் நிற்கிறது.

திருடு போன பொருள் சில நாட்களிலேயே ஒருவரிடம் இருந்து, எப்படி வந்தது என்று அவர் விளக்கவும் இல்லையென்றால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என நீதிமன்றம் ஊகிக்கலாம். அந்த ஊகம் கொலைக்கும் நீளுமா என்பதே உங்கள் மேல்முறையீட்டின் உயிர். ஏ.ஐ.ஆர். 1956 என்ற தீர்ப்புத் தொகுப்பில் உள்ள சன்வத் கான் வழக்கில் ஒரு மடத்துத் தலைவரும் அவருடைய பணியாளரும் கொல்லப்பட்டிருந்தனர். நகைகள் குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் கிடைத்தன. வேறு சாட்சியம் இல்லாத நிலையில் பொருள் கிடைத்தது என்பதற்காகவே கொலையும் அவர்கள் செய்தது என்று முடிவு கட்டுவது பாதுகாப்பானதல்ல என்று உச்ச நீதிமன்றம் கொலைத் தண்டனையை நீக்கியது, திருட்டுக்கு மட்டும் தண்டித்தது. இதைக் கேட்டுத் துள்ளிவிடாதீர்கள். 1983-இல் ஈரபத்ரப்பா வழக்கில், ஓராண்டு கழித்து நகைகள் கிடைத்தும் கொலைத் தீர்ப்பு நிலைத்தது. ஈரபத்ரப்பா அந்த வீட்டு வேலைக்காரர். சம்பவ இரவிலிருந்தே தலைமறைவானவர். உங்கள் தம்பி ஊரிலேயே இருந்தார், சொந்தப் பெயரில் அடகு வைத்தார். இந்த வேறுபாட்டை வழக்கறிஞர் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்து அந்த அடகு ரசீது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதிலிருந்து ஒரு புதிய உண்மை கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். “கழுத்தை நெரித்து எடுத்த சங்கிலியை அடகு வைத்த கடையைக் காட்டுகிறேன்” என்பதில் கடையைக் காட்டுகிறேன் என்பது மட்டும் உள்ளே வரும், கழுத்தை நெரித்தது வராது. நாடு விடுதலை பெறும் முன்பே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் போட்ட கோடு இது. முதல் நாளே ரசீது போலீசார் கையில் இருந்தது என்றால் மறுநாள் எதைக் கண்டுபிடித்தார்கள்? கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட மகஜரே (பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவே) ஆட்டம் காணும். ஆனால் இதைப் புலன் விசாரணை அதிகாரியிடம் குறுக்கு விசாரணையில் கேட்டார்களா? கேட்காமல் விட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் புதிதாகச் சொல்வது கடினம். இன்னொன்று: இது இருமுனைக் கத்தி. ரசீது வீட்டில் இருந்தது என்று வாதாடும்போதே, அடகு வைத்தது தம்பிதான் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

வழக்குக் கட்டில் வேறு சிலவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 5 பவுன் என்றால் 40 கிராம்; ரசீதில் எத்தனை கிராம்? புகாரில் சங்கிலியின் மாதிரி குறிப்பிடப்பட்டிருந்ததா? மூதாட்டியின் கழுத்தில் அதைக் கடைசியாக யார், என்று பார்த்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இறப்பதற்கு முதல் நாள் பார்த்ததாக யாரும் சொல்லவில்லையென்றால், திருட்டும் கொலையும் ஒரே வேளையில் நடந்தன என்பதே சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

நீதிபதி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தம்பி “பொய் வழக்கு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்கள். கொலையை மறுக்க அது போதும். நகை எப்படி வந்தது என்பதற்கு அது பதிலாகாது.

மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவும் போடலாம். ஆயுள் தண்டனை என்பதால் எழுத்தில் ஆட்சேபணை சொல்ல அரசு வழக்கறிஞருக்கு வாய்ப்பு தந்த பிறகே முடிவெடுப்பார்கள். உடனே வெளியே வந்துவிடுவார் என்று அம்மாவிடம் சொல்லி வைக்காதீர்கள். விசாரணையின்போது ஜாமீனில் இருந்து ஒழுங்காக ஆஜரானவர் என்றால் அதைக் குறிப்பிடுங்கள். கொலைக் குற்றம் மட்டும் நீங்கினால் மிஞ்சுவது 3 ஆண்டு. கைதியாக முன்பு இருந்த நாட்கள் அதில் கழியும்.

சிறையில் அடுத்த நேர்காணலில் தம்பியிடம் சங்கிலியைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே பேசுவது பலர் காதில் விழும். வழக்கறிஞர் நேரில் வருவார், அவரிடம் ஒன்றும் மறைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். அவரிடம் சொல்வது வெளியே போகாது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.