வாசகர் கேள்வி: ஃபெலாவும் மாப்பூமோவும் நமக்கு என்ன உறவு?

சென்ற இதழில் ஆப்பிரிக்க எதிர்ப்புப் பாட்டுகள் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கே இந்த மாதம் இடம் போதவில்லை. சுருதிப்பெட்டி பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் எழுதுகிறேன்.

கேள்வி: திருகோணமலையில் சங்கீதம் படிப்பித்த ஒருவர் நைஜீரியப் பாட்டைப் பற்றி எழுதுவது வியப்பாக இருக்கிறது. எப்படி வந்தது இந்தப் பழக்கம்? – வாசகர், மூதூர்

சித்தப்பா கொண்டுவந்தது. எழுபதுகளில் நைஜீரியாவில் எண்ணெய்ப் பணம் புரண்டது. பள்ளிக்கூடங்களைத் திறந்துகொண்டே போனார்கள், படிப்பிக்க ஆள் போதவில்லை. இலங்கையிலிருந்து நிறையத் தமிழ் ஆசிரியர்கள் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கப் போனார்கள். சித்தப்பாவும் போனார். விடுமுறைக்கு வந்தபோது அவருடைய சூட்கேசில் துணிமணியைவிடக் கசெற்தான் கூட.

உவர்மலை வீட்டு விறாந்தையில் நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியின் கசெற்றைப் போட்டால் பல நிமிடங்களுக்கு வாத்தியம் மட்டும்தான் கேட்கும். கிற்றார் ஒரே சிறு சங்கதியை விடாமல் சுற்றிச்சுற்றி வாசிக்கும், மேலே சாக்ஸபோன் வரும், குரல் வராது. அம்மம்மா உள்ளேயிருந்து “பாடுறவர் எங்க போயிட்டார்?” என்று கேட்பார். நான் அப்போது கர்நாடக சங்கீதம் படித்துக்கொண்டிருந்தவள். ஆலாபனைக்குப் பழகிய காதுக்கு அந்த நீளம் பிடித்துப் போனது. டிரம்ஸ், ஃபெலாவின் குழுவில் இருந்த டோனி அலனின் வாசிப்பு. இரண்டு கையும் இரண்டு காலும் நான்கு வெவ்வேறு கணக்கில் போகும், ஆனால் எங்கேயும் இடறாது. பின்னாளில் ஒரு மிருதங்க வித்துவானுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் பேசாமல் கேட்டுவிட்டு, திரும்பப் போடச் சொன்னார்.

அந்தக் கசெற்களில் 1976இல் பதிவான ‘சொம்பி’யும் இருந்தது. சொல்வதைச் செய்யும், தானாக எதையும் யோசிக்காத இராணுவத்தை நடைப்பிணமாக்கிப் பாடும் பாட்டு. நடுவே அணிவகுப்புக் கட்டளைகள் தாளத்தோடு வந்து விழும். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டளைகளை விளக்கத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையே பிரெட்ரிக் கோட்டைப் படைமுகாமுக்கு ஊடாகத்தான். அர்ச்சனைத் தட்டோடு நடக்கும்போது பக்கத்தில் பரேட் சத்தம் கேட்கும். 1983க்குப் பிறகு சித்தப்பா அந்தப் பாட்டைச் சத்தம் குறைத்துத்தான் போடுவார். றோந்து ஜீப் வந்தால் நிறுத்திவிடுவார். பாட்டில் இருப்பது நைஜீரிய இராணுவம். ஆனாலும் நிறுத்துவார்.

கேள்வி: ஃபெலாவின் தாயாருக்கு நேர்ந்ததைக் குறிப்பிட்டிருந்தீர்கள். விவரமாகச் சொல்ல முடியுமா? – வாசகி, மட்டக்களப்பு

அந்த அம்மாவிலிருந்தே தொடங்குகிறேன், அவரை வெறும் ‘ஃபெலாவின் தாயார்’ என்று சொல்வது அநியாயம். ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி, அபெயோகுட்டா நகரத்துப் பள்ளி ஆசிரியை. வெள்ளைக்காரர் ஆட்சியில் சந்தையில் விற்கும் பெண்கள்மேல் போட்ட வரியை எதிர்த்து, ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டி அரண்மனை வாசலில் உட்கார வைத்தவர். வரியை அறவிட்ட அந்த ஊர் மன்னர் 1949இல் அரியணையை விட்டு இறங்க வேண்டி வந்தது. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைதான் ஃபெலா.

‘சொம்பி’ நைஜீரியா முழுவதும் பரவியது. சிறுவர்கள் சிப்பாய்களைக் கண்டால் அந்தப் பாட்டைச் சொல்லிச் சீண்டும் அளவுக்குப் போனது. 1977 பெப்ரவரி 18 அன்று, லாகோசில் ஃபெலா ‘கலகுட்டா குடியரசு’ என்று பெயர் வைத்து வாழ்ந்த வீட்டுக்குள் ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்கள் புகுந்தார்கள். இருந்தவர்களை அடித்தார்கள், பெண்களை மானபங்கப்படுத்தினார்கள், வீட்டுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் தீ வைத்தார்கள். எழுபத்தாறு வயது அந்த அம்மாவை மாடி யன்னலால் தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தார்.

அரசு விசாரணை வைத்தது. தீ வைத்தவர் யார் என்பதற்கு விசாரணையின் பதில்: ‘அடையாளம் தெரியாத சிப்பாய்’. ஆயிரம் பேர் பட்டப்பகலில் வந்த வீடு. ஃபெலா அந்தப் பதிலையே தலைப்பாக வைத்து அரை மணி நேரப் பாட்டாக்கினார். தாயின் பெயரில் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இராணுவ ஆட்சித் தலைவர் இருந்த டோடன் பரக்ஸ் வாசலுக்குப் போய் வைத்தார். அதையும் பாடினார்.

எங்கள் ஊரில் 2006 ஜனவரி 2 அன்று, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019இல் திருகோணமலை நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது. அந்த மாலை நான் ‘அடையாளம் தெரியாத சிப்பாய்’ பாட்டைப் போட்டு முழுவதும் கேட்டேன். இந்தப் பாட்டுகள் எனக்கு ஏன் வேண்டும் என்று கேட்டால் அதுதான் என்னிடம் உள்ள பதில். ஆணைக்குழு எழுதாமல் விட்டதை அந்த மனிதர் தாளத்தோடு எழுதி வைத்துவிட்டார். லாகோசில் எந்த வீடு, எந்தச் சன்னல், யாருடைய அம்மா என்பதெல்லாம் இன்றைக்கும் அப்படியே கேட்கிறது.

கேள்வி: வெள்ளைக்காரன் போன பிறகும் எதிர்ப்புப் பாட்டு எதற்கு? அது சொந்த மக்களைக் காட்டிக்கொடுப்பது ஆகாதா? – வாசகர், கிண்ணியா

ஆகாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1960 ஜனவரியில் பிரசெல்சில் பெல்ஜிய அரசோடு கொங்கோத் தலைவர்கள் பேச்சு நடத்தினார்கள். அங்கே போயிருந்த கொங்கோப் பாடகர் ஜோசப் கபசெலேயும் அவருடைய குழுவும் ‘இன்டிபென்டான்ஸ் சா சா’ என்ற பாட்டைப் போட்டார்கள். சுதந்திரம் கிடைத்துவிட்டது, இதோ நம் தலைவர்கள், இதோ நம் கட்சிகள் என்று பெயர் பெயராகச் சொல்லும் ஆட்டப்பாட்டு. வானொலி வழியாக அது கண்டம் முழுவதும் போனது. ஜூன் 30இல் கொங்கோ சுதந்திரம் பெற்றது. ஏழு மாதம்கூட ஆகவில்லை, பிரதமராயிருந்த லுமும்பாவைக் கொன்றுவிட்டார்கள். 1965இல் இராணுவத் தளபதி மொபுட்டு ஆட்சியைப் பிடித்து 1997 வரை விடவில்லை. இப்போது அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். சந்தோஷமான பாட்டுத்தான், ஆனால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்னொருவர், அப்போது ரொடீசியா என்றிருந்த சிம்பாப்வேயின் பாடகர் தோமஸ் மாப்பூமோ. ‘ம்பிரா’ என்று ஒரு வாத்தியம். மரப்பலகையில் வரிசையாகப் பொருத்திய இரும்புத் தகடுகளைப் பெருவிரலால் தட்டி வாசிப்பார்கள். முன்னோரை அழைக்கும் சடங்குகளில் வாசிப்பது. அதன் சுரங்களை அப்படியே மின்கிற்றாருக்கு மாற்றி, ஷோனா மொழியில் விடுதலைப் பாட்டுப் பாடினார் மாப்பூமோ. ரொடீசிய வெள்ளை ஆட்சி 1979இல் அவரைப் பிடித்து அடைத்தது. 1980 ஏப்ரலில் சுதந்திர விழாவில் பொப் மார்லி பாடிய அதே கொண்டாட்டத்தில் இவரும் பாடினார்.

அத்தோடு நின்றிருந்தால் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். அவர் நிற்கவில்லை. 1989இல், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முகாபே ஆட்சியின் ஊழலைப் பெயர் சொல்லியே பாடினார். யாருக்காகச் சிறை போனாரோ அவர்களுடைய அரச வானொலி அவருடைய சில பாட்டுகளைப் போடாமல் விட்டது. கடைசியில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். இதையா காட்டிக்கொடுத்தல் என்பது? வெள்ளைக்காரனிடம் கேட்ட கேள்வியைத்தான் தன்னவனிடமும் கேட்டார்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிண்ணியாவிலிருந்து வந்த கேள்வி என்பதால் மனதில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் போர்க்காலத்தில் தமிழில் எத்தனையோ பாட்டு வந்தது. சில அருமையான மெட்டுகள், அருமையான குரல்கள். அவற்றில் எதிரியைப் பாடியவை ஏராளம். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதைக் கேள்வி கேட்ட பாட்டு எங்கே? கவிதையில் சிலர் துணிந்து எழுதினார்கள். பாட்டாக மேடை ஏறி நான் கேட்டதில்லை. நாங்கள் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற, ஒரே பஸ்ஸில் போகிற மக்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மாப்பூமோ இல்லாமல் போனது எனக்குப் பெரிய குறையாகவே இருக்கிறது. மாணவிகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். இளைய பாடகர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களிடமும் சொல்கிறேன்.

கேள்வி: தாய்மொழியில் பாடினால் ஊருக்குள் நின்றுவிடும், ஆங்கிலத்தில் பாடினால் ஊருக்கே புரியாது. அவர்கள் என்ன செய்தார்கள்? – மாணவர், வவுனியா

இரண்டும் செய்தார்கள். ஃபெலாவின் தாய்மொழி யொருபா. ஆனால் நைஜீரியாவில் நூற்றுக்கணக்கான மொழிகள். அதனால் சந்தையிலும் லொறியிலும் எல்லோரும் பேசும் கொச்சை ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டார். மாப்பூமோவுக்கு ஷோனாவில் பாடுவதே ஆயுதம். பழமொழிக்குள் அரசியலை ஒளித்து வைத்தால் வெள்ளை அதிகாரிக்கு ஆரம்பத்தில் பிடிபடாது.

மொழிக்காகவே உயிரைக் கொடுத்த பாடகரும் உண்டு. அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதியைச் சேர்ந்த லூனெஸ் மாதூப். பிறந்தது 1956 ஜனவரியில். அதே ஆண்டு ஜூனில்தான் இங்கே தனிச்சிங்களச் சட்டம் வந்தது. சுதந்திர அல்ஜீரியா அரபியை மட்டும் ஆட்சிமொழியாக்கியது, மாதூப் தன் பேர்பர் மொழியில் பாடிக்கொண்டே இருந்தார். 1988இல் பொலிஸ் சுட்டும் பிழைத்தார். 1994இல் தீவிரவாதிகள் கடத்தினார்கள், ஊர்மக்கள் திரண்டு மீட்டார்கள். 1998 ஜூன் 25 அன்று மலைப்பாதையில் காரை மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அரபியைக் கட்டாயமாக்கும் சட்டம் அமுலுக்கு வர சில நாட்களே இருந்தன. 2016இல் அந்த மொழிக்கும் ஆட்சிமொழி அந்தஸ்துக் கிடைத்தது. தம்பி, அவருடைய பாட்டில் ஒரு சொல்லும் எனக்குப் புரியாது, ஆனாலும் கேட்கிறேன்.

கேள்வி: நம் நாட்டிலேயே ஆப்பிரிக்கப் பாட்டு உண்டாமே? – வாசகி, நிலாவெளி

உண்டு. புத்தளம் பக்கம் சிறாம்பியடியில், காலனிக் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் ‘மஞ்சா’ பாடுகிறார்கள். பழைய போர்த்துக்கேயக் கலப்புமொழியில் வரிகள். தேங்காய்ச் சிரட்டை, போத்தல், கரண்டி எல்லாம் தாளம். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். ஒரு தடவை நேரில் கேளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஆங்கிலம் தெரியாது. ஹியூ மசெக்கேலாவின் ரயில் பாட்டை நான் போட்டால் அழத் தொடங்கிவிடுகிறார். நிறுத்திவிடவா? – வாசகர், ரொறன்ரோ (சொந்த ஊர் திருகோணமலை)

நிறுத்த வேண்டாம். ‘ஸ்டிமெலா’ என்ற அந்தப் பாட்டு, மலாவி, மொசாம்பிக் போன்ற இடங்களிலிருந்து ஜொகனஸ்பேர்க் தங்கச் சுரங்கங்களுக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு போன ரயிலைப் பற்றியது. தென்னாப்பிரிக்க டிரம்பெட் கலைஞரான மசெக்கேலா வாயாலேயே ரயிலின் மூச்சையும் கூவலையும் எழுப்புவார். அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. உங்கள் அம்மா கேட்பது அந்த ரயிலை அல்ல, கொழும்பு மெயிலை. சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய், கல்ஓயா என்று அந்தத் தலைமுறைக்கு ஸ்டேசன் வரிசை மனப்பாடம். யாரை ஏற்றிவிட்டார், யார் திரும்பி வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல விரும்பினால் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். விரும்பாவிட்டால் பக்கத்தில் இருங்கள், தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள்.

தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபாவின் கதையையும் அவருக்குச் சொல்லலாம். 1960இல் வெளிநாட்டிலிருந்து தன் தாயின் செத்தவீட்டுக்குப் போக வெளிக்கிட்டபோது தென்னாப்பிரிக்க அரசு அவருடைய கடவுச்சீட்டைச் செல்லாததாக்கியது தெரிய வந்தது. 1990இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. நம்மவர்களில் எத்தனை பேர் பெற்ற தாயின் கொள்ளியை வீடியோவில் பார்த்தார்கள்! உங்கள் அம்மாவுக்கு அது உடனே விளங்கும்.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது? – பலர்

‘இன்டிபென்டான்ஸ் சா சா’விலிருந்து தொடங்குங்கள், சின்னப் பாட்டு. அப்புறம் மக்கேபா பாடிய ‘சொவெற்றோ புளூஸ்’. 1976இல் சொவெற்றோவில் ஆபிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்த பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டதைப் பற்றி மசெக்கேலா எழுதியது. ‘சொம்பி’க்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும், வேலை செய்துகொண்டு கேட்காதீர்கள். மாப்பூமோவை ஹெட்ஃபோனில் கேட்டால் கிற்றாருக்குள் ம்பிரா தெரியும். கேட்டுவிட்டு, உங்களுக்கு நினைவு வந்த நம்முடைய பாட்டு எது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பாடியவர் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த ஊரில், எந்த ஆண்டில் கேட்டீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.