ஒரே குடும்பத்தின் இரண்டு சிவப்பு ஒயின்கள்: எதை முதலில் திறப்பது?

கேள்வி: நாங்கள் லியோனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் கணவரின் மேலதிகாரி ஓய்வு பெற்றபோது இரண்டு சிவப்பு ஒயின் பாட்டில்கள் கொடுத்தார். ஒன்று சாட்டோ து போகாஸ்தெல் 2019. மற்றொன்று கூதூலே து போகாஸ்தெல் 2022. இரண்டும் ஒன்றுதானா? எப்போது திறக்கலாம்? சும்மா வைத்திருந்தால் கெட்டுவிடுமா?

பதில்: கூதூலேயை இந்த வாரமே திறக்கலாம். 2019-ஐத் தொடாதீர்கள். மேலதிகாரி விவரம் தெரிந்தவர் போலிருக்கிறது!

இரண்டுமே பெரான் குடும்பத்தின் ஒயின்கள். தென் பிரான்சின் ஒராஞ்சு நகருக்குத் தெற்கே, கூர்தெசோன் ஊரில் இருக்கும் போகாஸ்தெல் தோட்டத்தை 1909-இல் பியேர் திராமியே வாங்கினார். அவருக்குப் பின் மருமகன் பியேர் பெரான், அடுத்து அவர் மகன் ஜாக் பெரான் என்று இன்றுவரை குடும்பத்தின் கையை விட்டுப் போகவில்லை. நீங்கள் லியோனிலிருந்து மார்செய் போகும் அதே ஏ7 நெடுஞ்சாலைதான் இரண்டு திராட்சை நிலங்களுக்கும் நடுவே ஓடுகிறது. சாலைக்கு மேற்கே விளைவது சாட்டோநெஃப் து பாப் என்ற வட்டாரப் பெயரில் வரும். கிழக்கே விளையும் கூதூலே, கோட் து ரோன் என்ற பெயரில்தான் விற்கப்படும். விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மண்ணும் வளர்ப்பும் நெருங்கிய உறவு என்பதால், என்னைக் கேட்டால் காசுக்கு நல்ல மதிப்பு கூதூலேதான்.

சரி, ஒன்றுக்கு மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? சாட்டோநெஃப்பில் அனுமதிக்கப்பட்ட 13 திராட்சை வகைகளையும் வளர்க்கும் மிகச் சில தோட்டங்களில் போகாஸ்தெல் ஒன்று. ஊரில் பெரும்பாலோர் கிரனாஷ் திராட்சையைத்தான் அதிகம் சேர்ப்பார்கள். அது இனிமையாக, பழ வாசனையோடு இருக்கும், ஆனால் காற்றுப்பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். பெரான் குடும்பம் மூர்வெத்ர் என்ற திராட்சையையும் கிட்டத்தட்ட அதே அளவு, சுமார் 30 சதவீதம், சேர்க்கிறது. மூர்வெத்ர் தாமதமாகப் பழுக்கும். தோல் தடிப்பு, துவர்ப்பு அதிகம், காற்றை நன்றாகத் தாங்கும். இளமையில் கொஞ்சம் முரடு. அது அடங்கத்தான் வருஷக்கணக்கு ஆகிறது.

சாட்டோ து போகாஸ்தெலில் ஒரு வேடிக்கை உண்டு. அறுவடைக்குப் பின் முதல் நாலைந்து வருஷம் பழச்சுவையோடு நன்றாக இருக்கும். அப்புறம் வாயை மூடிக்கொண்டுவிடும், வாசனையே வராது. பத்து வருஷம் தாண்டினால் மறுபடி பேச ஆரம்பிக்கும். 2019 இப்போது அந்த நடுக்கட்டத்தில் இருக்கிறது. 2030-க்குப் பிறகு ஏதாவது விசேஷத்துக்குத் திறங்கள். கூதூலேயிலும் மூர்வெத்ர் கணிசமாக உண்டு, ஆனால் அது சீக்கிரமே இணங்கிவிடும்.

கெட்டுப்போவது சூட்டினால்தான். லியோன் கோடையில் வீட்டுக்குள் முப்பது டிகிரி சாதாரணம். ஃபிரிட்ஜுக்கு மேலோ அடுப்பங்கரை அலமாரியிலோ வைத்தால் இரண்டு கோடையில் ஒயின் வெந்துவிடும். உங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் உங்களுக்கென்று ஒரு காவ் (நிலவறை) இருக்கிறதா பாருங்கள்; பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இருக்கும், பலர் அதில் உடைந்த சைக்கிளைப் போட்டு வைத்திருப்பார்கள். இருட்டாக, 12 முதல் 15 டிகிரி வரை இருந்தால் போதும். தக்கை காயாமலிருக்க பாட்டிலைப் படுக்க வையுங்கள்.

திறக்கும் நாளில் இரண்டு விஷயம். 2019-ஐ முதல் நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு வாயளவை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். இரண்டாவது, தோல் வார் மாதிரியோ குதிரை லாயம் மாதிரியோ ஒரு வாடை வந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். மூர்வெத்ருக்கு அந்தக் குணம் உண்டு, போகாஸ்தெலுக்கு அது பேர்போனது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் மட்டும் தக்கை கெட்டது என்று அர்த்தம்.

கூதூலேயை இன்றிரவே குடிப்பதானால் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, 16 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். ஆட்டுக்கறியோடு பிரமாதமாகப் போகும். மிளகு தூக்கலாக இருக்கலாம். மிளகாயைக் குறையுங்கள், காரம் ஏறினால் ஆல்கஹால் நாக்கைச் சுடும். மிச்சமிருந்தால் தக்கையை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும்.