அஞ்சு பேரு, ரெண்டு சைல்ட் சீட்டு, அஞ்சரை லட்சம்: எந்த பழைய கார் எடுக்கலாம்?

கேள்வி: நாங்க ஈரோட்ல இருக்கோம். பொண்ணுக்கு மூணு வயசு, பையனுக்கு அஞ்சு மாசம். இதுவரைக்கும் ஸ்கூட்டர்லயே ஓட்டிட்டோம், இனிமே முடியாது. அஞ்சரை லட்சத்துக்குள்ள செகண்ட் ஹேண்ட் கார் பாக்குறோம். நான், வீட்டுக்காரர், அத்தை, ரெண்டு குழந்தைங்கன்னு மொத்தம் அஞ்சு பேரு. மாசம் ரெண்டு தடவை தாராபுரத்துல அம்மா வீட்டுக்கு போவோம். ரெண்டு பேருக்கும் சைல்ட் சீட் போடணும்னு நான் சொல்றேன், அவரு "மடியில வெச்சுக்கிட்டா போதும், நாமெல்லாம் அப்படித்தானே வளந்தோம்"ங்கிறாரு. 2013 எர்டிகா ஒண்ணும் 2018 டிசைர் பெட்ரோல் ஒண்ணும் பாத்து வெச்சிருக்கோம். எதை எடுக்கலாம்? பெங்களூர் அக்கா அவ பையனோட பழைய சைல்ட் சீட்ட பொண்ணுக்கு தர்றேங்கிறா, வாங்கிக்கலாமா?
வாசகி, ஈரோடு

பதில்: தங்கச்சி, முதல்ல உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்கு வர்றேன், ஏன்னா அது முடிவாகாம எந்த கார்னு பேசி பிரயோஜனம் இல்ல. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துல போய் எதுலயாவது மோதி டக்குனு நின்னா, மடியில இருக்குற எட்டு கிலோ குழந்தை அந்த நொடியில கிட்டத்தட்ட 200 கிலோ மாதிரி முன்னாடி இழுக்கும், 200 கிலோவ எந்த அம்மா கையாலயும் பிடிக்க முடியாது, பாசம் குறைஞ்சதால இல்ல, கையோட பலம் அவ்வளவுதான். அதைவிட மோசம் முன்சீட்ல உக்காந்து மடியில வெச்சுக்கிறது, ஏர்பேக் வெடிச்சா அது நேரா குழந்தை மேலதான் வந்து அடிக்கும். அத்தை ஆசையா பேரன தூக்கி வெச்சுக்கிட்டு முன்னாடி உக்காருவாங்க, அத மட்டும் தயவுசெஞ்சு விடாதீங்க. 2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டத்துலயும், 14 வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு பெல்ட்டோ சைல்ட் சீட்டோ போடலன்னா 1000 ரூபாய் அபராதம்னு இருக்கு. உங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட வேண்டாம், இந்த 200 கிலோ கணக்க மட்டும் சொல்லுங்க.

சரி, வண்டி. ஏழு சீட்டர்னா பின்னாடி அகலமா இருக்கும்னு நெனச்சுதான் எர்டிகா பாத்திருப்பீங்க, எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. ஆனா 2013 எர்டிகாவோட அகலம் 1695 மில்லிமீட்டர், 2018 டிசைர் 1735. அதாவது அந்த பெரிய வண்டிதான் நாலு சென்டிமீட்டர் ஒடுக்கம். அது நீளத்துல பெருசு, அகலத்துல இல்ல. மூணாவது வரிசை இருக்கேன்னு கேப்பீங்க, அதுக்குள்ள போகணும்னா ரெண்டாவது வரிசை சீட்ட மடக்கணும், அதுல சைல்ட் சீட்ட கட்டி வெச்சுட்டீங்கன்னா மடக்கவே முடியாது, அப்புறம் அந்த மூணாவது வரிசை பை வைக்கத்தான் ஆகும். நடுவுல நடந்து போற மாதிரி தனித்தனி கேப்டன் சீட் இருந்தா இந்த பிரச்னை வராது, ஆனா அந்த மாதிரி நல்ல நிலைமையில இருக்குற வண்டி உங்க பட்ஜெட்ல கஷ்டம். இன்னொண்ணு, அந்த வருஷத்து எர்டிகால ஏர்பேக்கும், டக்குனு பிரேக் போட்டா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ்ஸும் எல்லா வேரியன்ட்லயும் கிடையாது. 2017ல வந்த புது டிசைர்ல அடி வேரியன்ட்லயே ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ், பின்னாடி சைல்ட் சீட்ட பூட்டுற ஐசோஃபிக்ஸ் எல்லாம் இருக்கு. அதனால உங்க ரெண்டுல டிசைர்தான், எனக்கு இதுல சந்தேகமே இல்ல. அது சரிப்பட்டு வரலன்னா 2018க்கு அப்புறம் வந்த ஹோண்டா அமேஸ் பாருங்க, டிக்கி 420 லிட்டர், டிசைருக்கு 378, குழந்தை வண்டியும் டயபர் மூட்டையும் தாராளமா போகும். ஸ்விஃப்ட் வேண்டாம், 268 லிட்டர்தான், ஸ்ட்ரோலர் ஒண்ணு வெச்சா முடிஞ்சுது. சிஎன்ஜி போட்டதும் வேண்டாம், சிலிண்டர் டிக்கிய முழுங்கிடும்.

ஐசோஃபிக்ஸ்னா என்னன்னா, சீட்டோட சாயுற பகுதியும் உக்கார்ற பகுதியும் சேர்ற இடுக்குல காரோட பாடியோட சேத்து வெச்ச ரெண்டு இரும்பு கம்பி, ஆறு மில்லிமீட்டர் தடிப்பு, ரெண்டுக்கும் நடுவுல 28 சென்டிமீட்டர். சைல்ட் சீட்டோட கொக்கி அதுல டக்குனு பூட்டிக்கும். வண்டி பாக்கப் போனா புரோக்கர் "எல்லாம் இருக்கும்மா"ன்னு சொல்லுவாரு, நம்ம ஊர்ல பழைய வண்டில தடிமனா ரெக்சின் சீட் கவர் போட்டு அந்த இடுக்கையே மூடி தெச்சிருப்பாங்க. நீங்களே இடுக்குல கைய விட்டு தடவிப் பாருங்க, குளிர்ச்சியா இரும்பு கம்பி விரல்ல படணும், இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ரெண்டு. கவர் மறைச்சா அவுத்து காட்ட சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா அங்கேருந்து கெளம்பிடுங்க. அந்த கவர எப்படியும் கழட்டத்தான் போறீங்க, அது மேல சைல்ட் சீட் வெச்சா வழுக்கும்.

நான் இதெல்லாம் பட்டு தெரிஞ்சுக்கிட்டது. எங்க ரெண்டாவது குழந்தை பொறந்தப்ப அவசரத்துல ஒரு பழைய கார் எடுத்தோம், இன்ஜின் பாத்தோம், டயர் பாத்தோம், மெக்கானிக் ஓகே சொன்னாரு, பணத்தையும் கொடுத்துட்டோம். வீட்டுக்கு வந்து குழந்தையோட கேரியர வெச்சு பெல்ட்ட சுத்துனா ஒரு ஜாண் பத்தல, பக்கிள் வரைக்கும் வரவே இல்ல. அப்புறம் பெல்ட்ட முழுசா வெளிய இழுத்து பாத்தப்ப அடியில ஒரு இடத்துக்கு மேல நிறமே மாறி மண் கறை. வண்டி வெள்ளத்துல நின்ன வண்டி. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல யாரும் சரியா சாப்பிடல. வித்தவரு அதுக்கப்புறம் போனே எடுக்கல.

அதனால நீங்க பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. யாராவது வண்டிய பளபளன்னு கழுவி பாலீஷ் போடலாம், ஆனா உள்ள சுருண்டு கிடக்குற பெல்ட்ட யாரும் தொடைக்கறதில்ல. சென்னையில 2015லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் நின்ன வண்டிங்க வேற ஊர்களுக்கும் விலைக்கு வந்திருக்கும், ஈரோடுன்னு அலட்சியமா இருக்காதீங்க. முன்சீட்டோட அடியில தண்டவாளம் மாதிரி ரெண்டு பட்டை இருக்கும் பாருங்க, அதுல துரு, கார்பெட்டுக்கு கீழ மண், கதவ மூடிட்டு ரெண்டு நிமிஷம் உக்காந்தா ஒரு ஊசல் வாடை, இதுல ஏதாவது இருந்தா வேண்டவே வேண்டாம்.

அடுத்து சாவி போட்டதும் ஏர்பேக் லைட் மீட்டர்ல எரிஞ்சு அணையணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தா கோளாறு, எரியவே இல்லன்னா யாரோ பல்ப கழட்டி விட்டிருக்காங்கன்னு அர்த்தம், அது அதைவிட ஆபத்து.

இப்ப உக்கார்ற விஷயம், இதுதான் உங்களுக்கு நிஜமான சிக்கல். ரெண்டு சைல்ட் சீட்டுக்கு நடுவுல நீங்க உக்காரணும். சாதாரணமா ஒரு சீட் 44 சென்டிமீட்டர் வரும், ரெண்டுக்கு 88. டேப்ப எடுத்துட்டு போய் பின்னாடி கதவுல இருந்து கதவு வரைக்கும் உள்ளளவு எடுத்து 88 கழிச்சு பாருங்க, 40க்கு மேல மிஞ்சினா நீங்க ஓரளவு உக்காரலாம், 36னா தாராபுரம் போறதுக்குள்ள இடுப்பு போயிடும். சீட் இன்னும் வாங்கலன்னா ஒல்லியான மாடலா தேடுங்க, 3 சென்டிமீட்டர் கூட பெரிய வித்தியாசம். நடு சீட்ல அந்த வருஷத்து வண்டிங்கள்ல பெரும்பாலும் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும், மூணு முனை பெல்ட் இருக்காது, அத நான் மறைக்க விரும்பல. அதனால அந்த இடத்துல சைல்ட் சீட் வைக்காதீங்க, நீங்க உக்காந்தாலும் அந்த பெல்ட்ட போட்டே ஆகணும்.

பையனுக்கு அஞ்சு மாசம்ங்கிறதால அவன் பின்னாடி பாத்துதான் உக்காரணும், குறைஞ்சது 15 மாசம் வரைக்கும், முடிஞ்சா இன்னும் மேல. அந்த மாதிரி சீட் நீளத்த சாப்பிடும், முன்சீட்ட முன்னாடி தள்ள வேண்டி வரும். உங்க வீட்டுக்காரர் உயரமானவரா இருந்தா அவருக்கு பின்னாடி வைக்காதீங்க, இடது பக்கம் அத்தைக்கு பின்னாடி வைங்க. அத்தை முன்சீட்ல உக்காந்து முழங்கால் டேஷ்போர்ட இடிக்குதான்னு அன்னிக்கே பாத்துடுங்க, அவங்களுக்கு மூட்டு வலி இருந்தா இதையும் கேட்டு முடிவு பண்ணுங்க. பொண்ணு வலது பக்கம், முன்னாடி பாத்த சீட்ல, மேல ஒரு பட்டை வரும், அத சீட்டுக்கு பின்னாடி கொக்கில மாட்டணும், நெறைய பேரு இத மாட்டாமலே விட்டுடறாங்க. நீங்க ஏறுறதுக்கு ஒரு வழி: பையனுக்கு கழட்டி தூக்குற கேரியர் மாதிரி சீட் வாங்குங்க, முதல்ல நீங்க இடது கதவு வழியா ஏறி நடுவுக்கு நகந்துடுங்க, அப்புறம் அவரு கேரியர கொண்டு வந்து, கார்லயே பூட்டி வெச்சிருக்குற அதோட அடிப்பகுதில (பேஸ்) பூட்டட்டும். இதுக்கு தினமும் அவரு ஒத்துழைக்கணும், அதுக்கும் சேத்துதான் அந்த 200 கிலோ கணக்கு.

பேப்பர் விஷயம் சுருக்கமா. ஆர்சில கடன் இருக்கான்னு எம்பரிவாகன் ஆப்ல பாருங்க, இருந்தா கடன் முடிஞ்சுதுன்னு பேங்க் தர்ற என்ஓசி கடிதத்த கேளுங்க, டாக்ஸியா ஓடி வெள்ளை போர்டுக்கு மாத்தின வண்டியானும் பாருங்க, டிசைர்ல இது ரொம்ப சகஜம். பாக்கி இருக்குற இ-சலான வித்தவர கட்ட சொல்லுங்க. பேரு மாத்தினதும் 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்தணும், பழைய ஓனர் இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணாததுக்கு கிடைச்ச தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) உங்களுக்கு வராது. அஞ்சரை லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துடாதீங்க, 60,000 ரூபாய் தனியா எடுத்து வைங்க, ரெண்டு டயர், ஒரு சர்வீஸ், பேரு மாத்துற செலவு, மிச்சம் சைல்ட் சீட்டுக்கு.

அக்கா தர்ற சீட்டு பத்தி. வெளியாள்கிட்ட பழைய சீட் வாங்கவே கூடாது, ஏன்னா அது ஆக்சிடென்ட்ல இருந்துச்சான்னு தெரியாது, ஒரு தடவை மோதல்ல இருந்தா வெளிய ஒண்ணும் தெரியாம உள்ள பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கும். அக்கான்னா கேட்டா உண்மைய சொல்லுவாங்க, அதனால வாங்கலாம், ஆனா சில விஷயம் பாக்கணும். பின்பக்கமோ அடியிலயோ ஆரஞ்சு கலர்ல ஒரு லேபிள் இருக்கும், அதுல ஆர்44 இல்லன்னா ஆர்129னு போட்டிருக்கணும், அது சைல்ட் சீட்டோட பாதுகாப்பு தரத்துக்கான எண், எத்தனை கிலோ இல்லன்னா எத்தனை சென்டிமீட்டர் உயரம் வரைக்கும்னும் இருக்கும், பொண்ணோட எடையும் உயரமும் அதுக்குள்ள வரணும். தயாரிச்ச தேதி பிளாஸ்டிக்ல அச்சடிச்சிருக்கும், பத்து வருஷம் தாண்டியிருந்தா நன்றி சொல்லிட்டு விட்டுடுங்க. பக்கிள் பூட்டுனா கிளிக்னு சத்தம் வரணும், தோள் பட்டைய இறுக்கினதும் ரெண்டு விரலால கிள்ளி பாத்தா துணி மடியக் கூடாது. அக்காவ லேபிள போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க, சரியா இருந்தா டிசைர் பாக்கப் போற அன்னிக்கு முன்னாடியே சீட் ஈரோடு வந்து சேந்துடணும், அத அந்த வண்டில பூட்டி, பொண்ணையும் அத்தையையும் ஏத்தி, பெருந்துறை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிட்டு வந்து அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.