ஒலிப்பதிவு கேள்வி-பதில்: பயம் வரவில்லை, சத்தம்தான் வருகிறது

கேள்வி: பாலாற்று மணலில் ஒன்றரை நிமிட இரவுக் காட்சி எடுத்தோம். ஒருவன் யாரையோ தேடிப் போகிறான். முடிவில் ஒரு கை அவன் தோளைப் பிடிக்கிறது. ஆரம்பம் முதல் பறையும் டிரம்மும் போட்டோம். பார்த்தவர்கள் ‘திருவிழா மாதிரி இருக்கு’ என்கிறார்கள்.
– வாசகர், காட்பாடி

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரே சீரான தாளத்தில் அடுத்த அடி எப்போது விழும் என்று காதுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஆட்டம்தான் வரும், பயம் வராது.

முதல் அரை நிமிடத்துக்கு வாத்தியமே வேண்டாம். காற்றும் மணல் மிதிபடும் ஓசையும் போதும். பிறகு ஆழமான ஒற்றை அடி. நான்கு விநாடி கழித்து இன்னொன்று, அடுத்தது மூன்றரையில், அதற்கடுத்தது ஐந்தில். சீரான துடிப்பைக் கடைசி இருபது விநாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்திருந்தால், நிமிடத்துக்கு 60 அடி என்பது அடிக்கு 24 ஃப்ரேம். 72க்கு 20, 80க்கு 18, 90க்கு 16. பின்னம் வராத இந்த வேகங்களிலேயே ஏறினால் அடியும் கட்டும் (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) பொருந்தும். அதற்காக ஒவ்வொரு கட்டிலும் ஓர் அடி போட்டால் விளம்பரப் படமாகிவிடும்.

கை தோளில் படுவதற்கு 10 ஃப்ரேம் முன்னால் எல்லா அடியும் நிற்கட்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுவது. வாத்திய டிராக்கை வெட்டிவிடுவார்கள். தனி டிராக்கில் இருக்கும் ரிவெர்ப் (அடிக்குப் பின் நீளும் எதிரொலி) ஓடிக்கொண்டே இருந்து இடைவெளியை நிரப்பிவிடும். அதையும் 2 ஃப்ரேமில் ஃபேட் செய்து அடக்குங்கள். காற்றொலியை மட்டும் நிறுத்தாதீர்கள். அதுவும் போனால் ஆடியோ அறுந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

கேள்வி: ஹெட்போனில் அதிரும் அடி, செல்போனில் காணாமல் போகிறதே?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: உங்கள் அடியின் பலம் 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கும். செல்போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் எடுபடாது. வால்யூமைக் கூட்டிப் பயனில்லை. அதே அடியின் நகலுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) கொடுத்தால் 120, 180, 240 என மேல் சுரங்கள் பிறக்கும். அவற்றைக் கொண்டே காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். மேலே குச்சி படும் ‘டக்’ ஒலியை 2-3 கிலோஹெர்ட்ஸில் மெலிதாகச் சேருங்கள். அசல், நகல், ‘டக்’ என மூன்று லேயரின் தொடக்கமும் ஒன்றாக விழ வேண்டும். சேர்த்ததும் அடி மெலிந்தால் ஒரு லேயரின் ஃபேஸை, அதாவது அலையின் மேல்-கீழ்த் திசையை, திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பை, பறை ஒலியைப் பதிவு செய்து பயன்படுத்தலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: கூட்டக் காட்சிக்கு உதவும். தனி அடிக்கு உதவாது. ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் அதில் ஒட்டிக்கொண்டே வரும். கலைஞர்களுக்குப் பேசிய கூலியைக் கொடுத்துத் தனியே வரவழையுங்கள். வெற்று மண்டபம் வேண்டாம், எதிரொலியைப் பிறகு நீக்க முடியாது. மெத்தையும் ஜமுக்காளமும் தொங்கவிட்ட அறை நல்லது. மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும்; வேலூர் வெயிலில் கொடுமைதான், அதனால் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைக் மூன்று நான்கு அடி தள்ளி, உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என ஒவ்வொன்றிலும் ஆறேழு அடி, ஒலி முழுக்க அடங்கும்வரை எடுங்கள். ஒரே அடியை நகலெடுத்து அடுக்கினால் இயந்திரத்தனம் அப்பட்டமாகத் தெரியும். பறையை அனலில் காய்ச்சி அடிப்பார்கள். ஆறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், முதல் டேக்கும் கடைசி டேக்கும் சேராது. இடையிடையே மறுபடி காய்ச்சச் சொல்லுங்கள். உடுக்கை கிடைத்தால் விடாதீர்கள்: நடுக்கயிற்றை இறுக்கும்போது சுருதி வழுக்கி ஏறும். அந்த ஏற்றத்தைத் தாளமில்லாமல், காட்சியின் கடைசி அடிக்கு முன்னால் ஒரே ஒரு முறை வைத்தால் போதும்.